திரையைப் பூட்டிய மூன்று நாட்கள்

அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு இரண்டு விசைகளில் இருந்தது. கொன்ட்ரோலையும் எல் எழுத்தையும் சேர்த்து அமத்தினால் கணினித் திரை கறுத்துவிடும். நான் கடவுச்சொல் அடிக்கும் வரை அது யாருக்கும் எதையும் காட்டாது. ஜன்னலுக்கு வெளியே நிற்கிற சனத்தைப் பார்த்து, "மெசின் பூட்டிப்போட்டுது, நாளைக்கு வாங்கோ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளலாம். சொல்கிறவளே பூட்டினவள் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தவள் நான். சண்டையில் ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்து நான்காவது வருடம் அது. கிளிநொச்சியில் இருந்த கந்தோர்களில் பாதி மல்லாவியில் யாரோ ஒருவரின் வீட்டு விறாந்தையிலோ ஓலைக் கொட்டிலிலோ நடந்துகொண்டிருந்தன. எனக்கு ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மல்லாவி ஆஸ்பத்திரியில் பார்க்க முடியாத நோயாளிகளை வவுனியாவுக்கு அனுப்புவார்கள். அவர்களின் பட்டியலை அடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. இரண்டு கிழமைக்கு ஒரு வாகனம் போகும். பட்டியலில் பெயர் இருந்தால் வழியில் இராணுவத்தின் சோதனைச் சாவடியைத் தாண்டலாம். இல்லாவிட்டால் தாண்ட முடியாது.

யார் போவது என்று தீர்மானிக்கிறவர் வைத்தியர். நான் அடிக்கிறவள் மட்டும். இதை எத்தனை பேருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! சனம் கேட்காது. பெயர் என் விரலில் இருந்துதான் பிறக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்று ஜன்னலுக்கு வெளியே யாரோ சொன்னது ஒருநாள் என் காதில் விழுந்தது. பூசாரி நான்தான். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பூசாரிக்கு மாதம் ஒருமுறை மலேரியாக் காய்ச்சல் வந்து போனதும், ஒரு அறைக்குள் ஐந்து பேரோடு படுத்து எழும்பியதும் அவர்களுக்கு எங்கே தெரியும்?

பூட்டு வந்த கதையைச் சொல்கிறேன். எங்களிடம் இருந்தது ஒரேயொரு கணினி. அனுமதி எடுத்து அதை உள்ளே கொண்டுவரவே மாதக்கணக்கானது. வைரஸ் பிடித்து மூன்று தரம் படுத்துவிட்டது. பிறகு, இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு கணக்கு வாத்தியார், வெளியில் இருந்து வந்த யாரோ கொடுத்த சீடியை வைத்து அதில் வைரஸ் பிடிக்காத லினக்ஸ் போட்டுத் தந்தார். தமிழ்ப் பெயர்களை இங்கிலிஷ் எழுத்தில் அடித்தேன். எனக்கு லினக்ஸும் ஒன்றுதான், மற்றதும் ஒன்றுதான். எழுத்து விழுந்தால் சரி. வாத்தியாருக்கு மட்டும் அது பெற்ற பிள்ளை.

ஒருநாள் நான் குசினிக்குள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில், வெளியே நின்ற ஒருவர் உள்ளே வந்து, ஒற்றை விரலால் குத்திக் குத்தித் தன் மச்சானின் பெயரைப் பட்டியலின் அடியில் சேர்த்துவிட்டார். நான் கவனிக்கவில்லை. அச்சாகிப் போன பட்டியலைப் பார்த்து வைத்தியர், "இது ஆர் இந்தப் புது நோயாளி? எனக்கே தெரியாமல் ஆர் பாத்தது?" என்று கேட்டு என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். அழுதுகொண்டுதான் வாத்தியாரிடம் போனேன்.

அவர் இரண்டு நாளில் ஒரு பூட்டை எழுதிக்கொண்டு வந்தார். ஐம்பது அறுபது வரிகூட இராது. லினக்ஸோடு வந்த பூட்டுகளில் மீன் நீந்தும், பூ விரியும், பந்து துள்ளும். அவற்றைக் காட்டி, இதில் ஒன்று போதாதா என்று கேட்டேன். வாத்தியாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பூட்டெண்டால் பூட்டு. அதுக்கேன் பிள்ளை மீனும் பூவும்? படம் காட்டினால் கரண்ட் தாற எஞ்சினுக்கெல்லோ பாரம். கதவுப் பூட்டு உங்களுக்கு டான்ஸ் ஆடிக் காட்டுறதோ?"

அவரது பூட்டில் ஒன்றும் இல்லை. திரை முழுக்கக் கறுப்பு. கடவுச்சொல் கேட்கிற பெட்டி இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. விசையைத் தட்டினால் திரை நீலமாகும். பிழையாக அடித்தால் சிவக்கும். சரியாக அடித்தால் விட்ட இடத்திலேயே பட்டியல் வந்து நிற்கும். அவ்வளவுதான். அதை நெஞ்சாரப் பாராட்டினேன். கள்ளனுக்காக வந்த பூட்டு என் களைப்புக்கு உதவும் என்பதை ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்துவிட்டேன்.

ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தால் என் விரல்கள் தாமாகவே அந்த இரண்டு விசைக்கும் போகப் பழகிவிட்டன. "மெசின் பூட்டிப்போட்டுது." முகம் போய்விடும். கொஞ்சம் கழித்துத் திறந்து வேலையைத் தொடருவேன். எல்லோருக்கும் இப்படிச் செய்தேன் என்றில்லை. சிலபேரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டும் இருக்கிறேன். ஆனால் காய்ச்சல் விட்ட மறுநாட்களில், தலைக்குள் யாரோ உரல் இடிக்கிற நாட்களில், யாருடைய கதையையும் கேட்க என்னால் முடியவில்லை. முடியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மெசினில் பழியைப் போடுவது லேசாக இருந்தது.

மின்சாரம் எங்களுக்கு ஒரு எஞ்சினில் இருந்து வந்தது. காலை பத்து மணியில் இருந்து பன்னிரண்டு மணி வரை. அதை இயக்கியவர் முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சிலுவை. ஒரு காலத்தில் சொந்தப் படகும் எஞ்சினும் வைத்துத் தொழில் செய்த முதலாளி என்பதால் எல்லோரும் அவரைச் சம்மாட்டியார் என்றே கூப்பிட்டோம். படகு போய்விட்டது, கடல் போய்விட்டது, பட்டம் மட்டும் மிச்சம் என்று அவரே சிரிப்பார். நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவதில் அவர் கெட்டிக்காரர்.

அவருக்கு மண்ணெண்ணெய் பிள்ளைக்குப் பால் மாதிரி. ஒரு சொட்டு வீணாகக்கூடாது. நான் வேலை முடித்துக் கணினியை நிறுத்தியதும் திரை கறுக்கும். ஜன்னலுக்கு வெளியே எஞ்சினடியில் இருந்து அதைக் கவனித்து, கொஞ்ச நேரத்தில் திரும்ப வெளிச்சம் வராவிட்டால் எஞ்சினை நிறுத்திவிடுவார். திரை கறுத்தால் எஞ்சினின் சத்தமே இளகுமாம், பார்க்கத் தேவையில்லையாம். நம்புவதற்குக் கஷ்டம்தான். மிஞ்சுகிற எண்ணெயை ஒரு கானில் ஊற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே பிள்ளைகளின் தடுப்பூசி மருந்து வைக்கிற குளிர்ப்பெட்டி மண்ணெண்ணெயில்தான் ஓடியது. யாரும் அவருக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அந்தப் பெண் முதல்நாள் வந்தது ஒரு திங்கட்கிழமை. வாகனம் வியாழன் விடிய. நாற்பது வயதிருக்கும். தர்மபுரத்தில் இருந்து மகளைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து கலவரத்தில் தப்பி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்களில் ஒன்று. மகளுக்கு எட்டு வயது. அருவி வெட்டி நெல் அறுத்து முடிந்த வயலில் கதிர் பொறுக்கும்போது நெல்லுக் கதிரின் கூர் வலது கண்ணில் குத்தி, கண் புண்ணாகி வெண்மை படர்ந்துவிட்டது. கெதியாகக் கண் வைத்தியரிடம் போகாவிட்டால் பார்வை போய்விடும் என்று எங்கள் வைத்தியர் எழுதியிருந்தார். அந்தச் சீட்டு ஏற்கனவே என் மேசைக்கு வந்து, நான் பிள்ளையின் பெயரை அடித்தும் விட்டேன். அதனால் ஜன்னலில் அவரைக் கண்டபோது, பெயர் இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இருக்கிற பெயரை இருக்கிறது என்று எத்தனை பேருக்குச் சொல்வது?

"மெசின் பூட்டிப்போட்டுது அம்மா. நாளைக்கு வாங்கோ."

"சரிங்க மிஸ்" என்று போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமையும் வந்தார். இந்தமுறை பிள்ளையும் கூட. கண்ணில் பஞ்சும் பிளாஸ்டரும் ஒட்டியிருந்தது. நான் இரண்டு விசையையும் அமத்திவிட்டு அதே பாட்டைப் பாடினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது அவர் அங்கே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

புதன்கிழமை பட்டியலை அச்சடிக்கிற நாள். கிர்ர் கிர்ர் என்று அச்சு இயந்திரம் மூன்று பிரதி அடித்து முடிக்கப் பதினொன்றேகால் ஆகிவிட்டது. கணினியை நிறுத்தியிருக்கலாம். ஆனால் வைத்தியர் கையெழுத்துப் போட முன் கடைசி நேரத்தில் எதையாவது மாற்றச் சொல்வார். அதற்காக அதைத் திறந்தே வைத்திருப்பேன். ஜன்னலைப் பார்த்தேன். அந்தப் பெண் நின்றார். கூப்பிடவில்லை, கை காட்டவில்லை, சும்மா நின்றார். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்போம் என்று நினைத்துத் திரையைப் பூட்டினேன். மேசையில் தலையை வைத்தேன்.

என்னை எழுப்பியது அமைதி. எஞ்சின் நின்றிருந்தது.

சம்மாட்டியார் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். திரை கறுப்பு. அச்சடித்த தாள்கள் அடுக்கியிருக்கின்றன. நான் படுத்திருக்கிறேன். வேலை முடிந்தது, பாவம் பிள்ளை படுக்கட்டும் என்று சத்தம் போடாமல் எஞ்சினை நிறுத்தி, மிஞ்சின எண்ணெயைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவரில் என்ன பிழை? கறுப்புக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நான் அவருக்கு ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தப் பெண் இன்னும் ஜன்னலடியில்தான் நின்றார். இப்போது என்னிடம் பூட்ட ஒன்றும் இல்லை. "என்னம்மா?" என்று கேட்டேன்.

"மிஸ், புள்ளகூடப் போறவருன்னு யாரு பேரு போட்டிருக்குங்க?"

தாளைப் பார்த்துச் சொன்னேன். கணவரின் பெயர். நோயாளி சின்னப் பிள்ளை என்றால் கூடப் போகிறவர் என்ற இடத்தில் குடும்ப அட்டையில் உள்ள தலைவரின் பெயரை அப்படியே போடுவது எங்கள் வழக்கம். மாற்ற வேண்டியவர்கள் வந்து சொல்வார்கள்.

"அவருக்கு அடையாள அட்டை இல்லீங்களே மிஸ். கொட்டில் எரிஞ்சப்ப அதுவும் போயிருச்சு. புதுசு எடுக்க தோட்டத்துப் பொறப்புப் பத்திரம் கேக்கறாங்க, அது எங்கன்னு போய்த் தேடுறது? எங்கிட்டத்தான் அட்டை இருக்கு. என் பேரப் போட்டாத்தான் சாவடியில விடுவாங்க. அதச் சொல்லத்தான் வந்தேங்க."

ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயரை அடிப்பது. அரை நிமிட வேலை. திங்கட்கிழமையே முடிந்திருக்க வேண்டிய வேலை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். காய்ச்சல் உடம்பு, கால் பின்னியது. நான் போனபோது சம்மாட்டியார் குளிர்ப்பெட்டியின் அடியில் எண்ணெய் ஊற்றுகிற தாங்கிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவரது முகம் விழுந்துவிட்டது.

"திரை கறுத்துக் கிடந்துது பிள்ளை. நீயும் படுத்திருந்தாய். முடிஞ்சுதெண்டுதான்..."

"உங்களில பிழை இல்லை அண்ணை. இதைத் திருப்பி எடுக்கேலாதோ?"

தடுப்பூசிக்குப் பொறுப்பான தாதி எங்கள் இருவரையும் பார்த்தார். "எத்தினை பிள்ளையளின்ர மருந்து இதுக்குள்ள இருக்கெண்டு தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை.

சம்மாட்டியார் விடவில்லை. தெரிந்த வீடுகளில் எல்லாம் ஏறி இறங்கி, விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் கெஞ்சி வாங்கி, ஒன்றரைப் போத்தலோடு நாலு மணிக்கு வந்தார். எஞ்சின் எழும்பியது. ஆனால் லினக்ஸ் முறையாக நிறுத்தாமல் கரண்ட் போனால் சும்மா எழும்பாது. தன் வயிற்றில் உள்ளது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தடவிச் சரிபார்த்த பிறகுதான் எழும்பும். எங்கள் கிழட்டுக் கணினிக்கு அதற்கு அரை மணித்தியாலம் வேண்டும். வெள்ளை எழுத்துகள் ஊர்ந்துகொண்டே இருந்தன. நாங்கள் மூவரும், அந்தப் பெண்ணும் நானும் சம்மாட்டியாரும், நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். பாதியில் எஞ்சின் இருமியது. நின்றுவிட்டது.

பேனையால் திருத்தினேன். கணவரின் பெயரை ஒற்றைக் கோட்டால் வெட்டி மேலே மனைவியின் பெயரை எழுதினேன், மூன்று பிரதியிலும். பேனைத் திருத்தத்தைச் சாவடியில் ஏற்பதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். வைத்தியருக்கும் தெரியும். ஆனாலும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். "பாப்பம்" என்றார்.

வியாழன் போனவர்கள் வெள்ளி மத்தியானம் திரும்பி வந்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் மட்டும். சாவடியில் நின்றவர் அந்தக் கோட்டில் விரலை வைத்துத் தட்டினாராம். அவ்வளவுதான்.

அடுத்த வாகனம் இரண்டு கிழமையில் போகவில்லை. சண்டையால் பாதை பூட்டுப்பட்டு, ஒரு மாதத்துக்கும் மேலே ஆனது. அதுவரை பிள்ளையின் கண்ணுக்கு இங்கே இருந்த சொட்டு மருந்தை விட்டார்கள். அடுத்த பட்டியலில் அவர்களின் பெயர்களைத்தான் முதலாவதாக அடித்தேன். அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கே போய் அவரது அடையாள அட்டையை வாங்கி இலக்கத்தைச் சரிபார்த்தேன். அந்த நாட்களில் திரையைப் பூட்டவே எனக்குக் கை வரவில்லை. தேத்தண்ணிக்குப் போகவும் இல்லை. எல்லோரையும் உள்ளே கூப்பிட்டேன், எல்லாக் கதையையும் கேட்டேன். அதனால் நான் நல்லவளாகிவிடவில்லை. இன்னும் அதிகம் களைத்துப்போனேன், அவ்வளவுதான்.

வவுனியாவில் இருந்து திரும்பிய பிறகு அவர் பிள்ளையோடு அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"நோவு மாறிருச்சுங்க மிஸ். ஆனா வலது கண்ணுல வெளிச்சம் மட்டுந்தான் தெரியுமாம். மொதத் தடவையே வந்திருந்தாப் பாத்திருக்கலாம்னு அந்த டாக்டரு சொன்னாரு" என்றார். குரலில் கோபம் இல்லை. யாரோ சொல்லி அனுப்பிய செய்தியைச் சொல்வது போலச் சொன்னார். பிள்ளை இடது கண்ணால் என் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மேலும் ஒன்றைச் சொன்னார்: "நீங்க என்னங்க பண்ணுவீங்க. மெசின் பூட்டிக்கிச்சு."

அதோடு விட்டிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, மெசின் தானாப் பூட்டேல்லை. நான்தான் பூட்டினனான். நீங்கள் வந்த மூண்டு நாளும் நான்தான்."

அவர் பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டார்.

"தெரியுங்க மிஸ்" என்றார். "ஒங்க கையி போறத ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே?"

"சத்தம் போட்டா கோவத்துல புள்ள பேர வெட்டிருவீங்களோன்னு பயந்தேங்க."

வேலை செய்த அத்தனை வருடத்தில் கோபத்துக்காக யாருடைய பெயரையும் நான் வெட்டியதில்லை. அதை அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? அவர் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கும்பிட்டது நன்றியிலா, இன்னும் போகாத அந்தப் பயத்திலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.